மூன்று அடுக்கு ஆலயம்
ரோம் நகரில், கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது புனித கிளெமெந்து ஆலயம். 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1857இல் அங்கிருந்த அயர்லாந்துத் துறவி ஜோசப் முல்லூலி தரைக்கடியில் தோண்டத் தொடங்கினார். வெளிப்பட்டது 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம்! அதை மண்ணும் கல்லும் கொட்டித் தூர்த்து, மேலேயே புதியதைக் கட்டியிருந்தார்கள். அதற்கும் கீழே ரோமானியக் கட்டடங்கள். மித்ரா என்னும் தெய்வத்தை வழிபட்ட அறையும் உண்டு.

மேல்தளத்தில், பீடத்துக்குப் பின்னுள்ள அரைவட்ட மாடம் முழுக்கப் பொன்னிற மொசைக்: சிலுவையில் 12 வெண்புறாக்கள், சுற்றிலும் சுருள் சுருளாகக் கொடி. அழகுதான். ஆனால் மனத்தை அள்ளுவது நடு அடுக்கில் உள்ள 11ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம். கடலுக்குள் புனித கிளெமெந்தின் கல்லறை, சுற்றிலும் மீன்கள். முந்தைய ஆண்டு கடல் கொண்டுபோன பிள்ளை அங்கே உயிரோடு இருக்க, தாய் குனிந்து வாரியெடுக்கிறாள். ஓவியத்துக்குப் பொருள் தந்த பெனோ தெ ரப்பீசாவின் குடும்பத்தையும், குழந்தைகள் உட்பட, அடியில் வரைந்திருக்கிறார்கள்.

மூன்று அடுக்கையும் படியிறங்கிப் போய் இன்றும் பார்க்கலாம்.