இரவு இரண்டு மணிக்கு யார் புரட்டுவது?

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில், விசுவமடு தாண்டி ஒரு கிறவல் ஒழுங்கைக்குள் இறங்கினால் அந்த வீடு. வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. முன் விறாந்தையைத் தகரம் வைத்து மறைத்து மகனுக்கு அறையாக்கியிருக்கிறார்கள். கட்டிலின் தலைமாட்டில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி சணல் கயிற்றில் தொங்குகிறது. அதை நான் உடனே கவனிக்கவில்லை.

மகனின் முள்ளந்தண்டில் காயம் பட்டது 2009இல், இறுதிப் போரில். அப்போது அவருக்கு 21 வயது, அம்மாவுக்கு 52. இடுப்புக்குக் கீழே அன்றிலிருந்து உணர்வில்லை. மாதத்தில் ஒருமுறை ஒரு பராமரிப்புக் குழு வீடு தேடி வருகிறது. காயத்துக்கு மருந்து கட்டுகிறார்கள், கதீற்றர் மாற்றுகிறார்கள், கோஸ், கையுறை கொடுக்கிறார்கள். போகும்போது ஒரு படிவம் நிரப்புகிறார்கள். எத்தனை மணிக்கு வந்தோம், என்ன கொடுத்தோம், சேவையில் திருப்தியா? கடைசிக் கேள்விக்கு அம்மா ஒவ்வொரு மாதமும் “ஓம்” என்றே சொல்லியிருக்கிறார்.

உண்மையிலேயே திருப்திதானா என்று கேட்டேன்.

“குறை சொல்லக் கூடாது பிள்ளை. அவையளும் வராட்டி ஆர் வரப்போகினம்?”

வீட்டுப் பராமரிப்புச் சேவையின் தரத்தை எப்படி அறிவது என்று எழுதித் தரும்படிதான் என்னை அனுப்பினார்கள். அந்த ஒரு பதிலிலேயே பாதிக் கட்டுரை முடிந்துவிட்டது. இலவசமாக வரும் உதவியை நம்பி இருப்பவரிடம் திருப்தியா என்று கேட்டால் நன்றிதான் பதிலாக வரும். தரம் அதில் தெரியாது. வன்னியில் இது இன்னும் கூட. தறப்பாள் கொட்டிலில் வரிசையில் நின்று நிவாரணம் வாங்கிய சனம். கொடுப்பவரின் முகம் கோணினால் அடுத்த மாதம் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் படிவங்களைக் கூட்டிப் பெருக்கி நூற்றுக்கு இத்தனை பேர் திருப்தி என்று அறிக்கை எழுதினால், அதில் இருப்பது எங்கள் அம்மாமாரின் பயம்.

அப்படியானால் யாரைக் கேட்பது? தோலைக் கேட்க வேண்டும்.

இதை உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர் லுட்விக் குட்மன். ஜேர்மனியில் இருந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூத மருத்துவர். 1944இல் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுக் காயக்காரருக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அதுவரை இப்படிக் காயப்பட்டவர்களில் பெரும்பாலானோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவிலேயே இறந்துபோனார்கள். குட்மன் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். சாவு குறைந்தது. 1948இல் அவர் தன் நோயாளிகளை வைத்துத் தொடங்கிய விளையாட்டுப் போட்டிதான் பின்னாளில் பராலிம்பிக் ஆனது.

புண் வருவது மிக எளிய கணக்கு. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்குகிறது, இரத்தம் ஓடுவதில்லை, சதை செத்துப்போகிறது. உணர்வுள்ள எங்களுக்கு வலிக்கும், நித்திரையிலேயே திரும்பிப் படுப்போம். அவருக்கு வலிக்காது. முதல் அடையாளம், அழுத்தினாலும் மறையாத சிவப்பு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்தப் புத்தகம் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. எங்கள் தோலில் சிவப்புத் தெரியாது. கறுத்துப்போகும், சூடாக இருக்கும், தொட்டால் சுற்றியுள்ள இடத்தைவிடக் கடினமாகவோ தொளதொளப்பாகவோ இருக்கும். அந்த அம்மா புறங்கையை மகனின் நாரியில் வைத்துப் பார்க்கிறார், காய்ச்சல் பார்ப்பதுபோல. யாரும் படிப்பிக்கவில்லை. கைக்குத் தெரிந்துவிட்டதாம்.

வீட்டுக்கு வரும் குழு இதை அம்மாவிடம் கேட்டறிகிறதா, அடுத்த வீட்டு அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறதா? முள்ளந்தண்டின் மேற்பகுதியில் காயப்பட்டவருக்குக் கதீற்றர் அடைத்து நெற்றி வியர்த்து, தலையிடி தொடங்கினால் அது உயிருக்கே ஆபத்து என்று சொல்லி வைத்திருக்கிறதா? இரவில் அப்படி நடந்தால் தொலைபேசியில் யார் எடுப்பார்? போன முறை வந்த அதே ஆள் இந்த முறையும் வருகிறாரா, அல்லது ஒவ்வொரு மாதமும் புது ஆளுக்கு உடுப்பு விலக்கிக் காட்ட வேண்டியிருக்கிறதா? நான் தரம் என்று சொல்வது இவற்றைத்தான். எத்தனை வீடு ஏறி இறங்கினோம் என்ற கணக்கு வாகன எண்ணெய்க்கு உதவும்.

சேவை தருகிறவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆள் போதாது, தூரம் அதிகம், மாரியில் பாதை இல்லை, பெற்றோல் வரிசையில் நின்ற 2022ஐ யாரும் மறக்கவில்லை. எழுதி வைத்தால்தான் அடுத்த வருடம் பணம் வரும் என்கிறார்கள். சரி.

வவுனியா நகரத்தில் கதை வேறு. அங்கே பிள்ளைகள் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்க, மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்து அப்பாவைப் பார்க்கிற வீடுகள் கூடிவிட்டன. தரக் கண்காணிப்பு வட்ஸ்அப் வீடியோவில் நடக்கிறது. ஏழு மணிக்கு அழைப்பு வரும் என்று தெரிந்து ஆறரைக்கே அப்பாவுக்கு முகம் துடைத்துச் சட்டை மாற்றிவிடலாம். நீண்ட காலம் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்: “முகத்தைப் பாத்து என்ன செய்ய? குதிக்காலைக் காட்டச் சொல்லுங்கோ.”

ஆனால் எனக்கு நித்திரை வராமல் செய்வது அந்த வீடுகள் அல்ல. காசு இருக்கிற இடத்தில் ஆளை மாற்றலாம். விசுவமட்டு அம்மாவை யாரைக்கொண்டு மாற்றுவது?

2009இல் இந்தப் பிள்ளைகளைத் தூக்கி எடுத்த தாய்மாருக்கு அப்போது நாற்பது, ஐம்பது. தூக்க முடிந்தது. இப்போது அறுபதையும் எழுபதையும் நெருங்குகிறார்கள். இலங்கையில் 65 வயது தாண்டியவர்கள் 2012 குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 7.9 பேர், 2024இல் 12.6. நாட்டுக்கு அது ஒரு விகிதம். இங்கே அது ஒரு கட்டில், அதில் தன்னைவிடப் பாரமான மகன், அவரைப் புரட்ட முழங்கால் தேய்ந்த ஒரு தாய். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 2025இல் 10,000 ரூபாவானது நல்லதுதான். அது படுத்திருப்பவரின் பெயரில் வருவது. புரட்டுகிறவரின் கைக்கு அதில் கணக்கு இல்லை. மாங்குளத்தில் 2024 மே மாதம் மருத்துவப் புனர்வாழ்வு நிலையம் திறந்ததும் வன்னிக்குப் பெரிய காரியம். அங்கே போய் வருகிறவரும் கடைசியில் இதே கட்டிலுக்குத்தான் திரும்புகிறார்.

கோழிக்கோட்டில் 1993இல் சிறிதாகத் தொடங்கிய வலி நிவாரணப் பராமரிப்பு, கேரளம் முழுக்கப் பரவியது அயலட்டைச் சனத்தால். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது தருகிறோம் என்று பயிற்சி எடுத்த அக்கம்பக்கத்தவர்கள் தாதியோடு வீட்டுக்குப் போனார்கள். 2008இல் அரசே அதைக் கொள்கையாக்கியது. எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் பந்தல் போட ஒரு மணித்தியாலத்தில் நாற்பது பேர் திரள்வார்கள். உயிரோடு இருப்பவரைப் புரட்ட வாரத்தில் ஒரு இரவு இரண்டு பேர் வரமாட்டார்களா? அப்படி வரவைத்த குழுவுக்குத்தான் நான் முதல் புள்ளி போடுவேன். அம்மா கடைசியாக எப்போது ஓர் இரவு முழுக்க நித்திரை கொண்டார் என்ற கேள்வி படிவத்தில் இருக்க வேண்டும். நான் பார்த்த படிவத்தில் இல்லை.

வெளிக்கிடும்போதுதான் கொப்பியைக் கேட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, அதன் கீழே மணி, பக்கத்தில் ‘இ’ அல்லது ‘வ’. இடது, வலது. பத்து மணி இ, பன்னிரண்டு வ, இரண்டு இ, நான்கு வ. சில இடங்களில் பேனை நித்திரையில் இழுபட்டிருந்தது. ஐப்பசியில் மூன்று இரவுகள் வெறுமையாக இருந்தன.

“அந்த மூண்டு நாளும் எனக்குக் காய்ச்சல். அவன் எழுப்பேல்லை.”

குழுவின் அடுத்த மாதப் படிவத்தில் இடது இடுப்பில் புதுப் புண் என்று எழுதி, அளவும் போட்டிருக்கிறார்கள். மருந்து கட்டியிருக்கிறார்கள். கொப்பி அன்றைக்கும் அதே தலைமாட்டில்தான் தொங்கியிருக்கிறது.

அன்றைய பக்கத்தில் ஆறு மணிக்கு ‘வ’ என்று இருந்தது. கதையில் எட்டு மணி ஆகிவிட்டதை நான்தான் கவனிக்கவில்லை. அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி, பிறகு மற்றதை ஊன்றி எழும்பினார்.

“கொஞ்சம் மற்றப் பக்கம் பிடியுங்கோ பிள்ளை.”

பிடித்தேன்.