விளக்குமாறு யார் கையில்?

சட்டனில் நாம் நடத்திவரும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. வாடகைக்குப் பெற்ற நான்கு அறைகளே நமது பாடசாலை. பகல் ஒரு மணியானதும் கட்டடப் பராமரிப்பாளர் திறப்புக் கோர்வையுடன் வாசலில் வந்து நிற்பார். அதற்குள் கதிரைகள் இருந்த இடத்துக்குத் திரும்பவேண்டும். பென்சில் சீவிய துகள்களும் பிஸ்கற் துணுக்குகளும் நிலத்தைவிட்டு அகலவேண்டும். இப்பணியை இதுவரை ஆசிரியைகள் இருவரும், பிள்ளைகளை அழைத்துச்செல்ல வரும் தாய்மார் சிலருமே செய்துவந்தனர். பிள்ளைகளோ மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்த்திருந்தனர்.

இக்காட்சி என் கண்ணை உறுத்தியது. ஆகவே பத்து வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்கு, "வகுப்பறை வேலைகள்" என்னும் பொருளில் சுவரொட்டி ஒன்று தயாரிக்கும் பயிற்சியைக் கொடுத்தேன். எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று, துப்புரவும் ஆயிற்று என்பது எனது கணக்கு. அக்கணக்கு எவ்வாறு பிழைத்தது என்பதையே இங்கு எழுதுகின்றேன்.

ஆறு பிள்ளைகள் கூடி ஒரு பெரிய வெள்ளை மட்டையில் வரைந்தார்கள். நீண்ட பின்னலுடன் ஒரு சிறுமி கூட்டுகிறாள். இரு சிறுவர்கள் கதிரை தூக்குகிறார்கள். ஓரத்தில், கண்ணாடி அணிந்த நெடிய உருவம் ஒன்று விரலை நீட்டியபடி நிற்கிறது. அது நானேதான், ஐயத்துக்கு இடமில்லை. கீழே, "வகுப்பறையைச் சுத்தமாக வைத்திரு" என்று எழுதி மூன்று வியப்புக்குறிகள் இட்டிருந்தனர். தடித்த பேனாவால் எழுதியதில் புள்ளிகள் எல்லாம் எழுத்தோடு ஒட்டிப்போய், ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் "சுத்தமாக" என்பது "சுததமாக" எனத் தெரிந்தது.

முதலில் புள்ளிகளைத் திருத்தினோம். தமிழில் சுவரொட்டி எழுதுபவர் புள்ளியை எழுத்துக்கு மேலே இடைவெளி விட்டுப் பெரிதாக வைக்கவேண்டும். சொற்களும் நான்கைந்துக்கு மேற்படலாகாது. நின்று வாசிக்கும் பொறுமை எவருக்கும் இல்லை. பின்னர் "வைத்திரு" என்ற ஏவலைச் சுட்டிக்காட்டி, "இது யார் யாருக்கு இடும் கட்டளை?" என்று கேட்டேன். சற்று யோசித்தபின் ஒரு பையன், "நாங்கள் கூட்டுவோம்" என்று மாற்றினான்.

தமிழாசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்வதற்குத் தமிழில் இரண்டு உண்டென்பதை விளக்கினேன். "நாங்கள்" என்றால் கேட்பவரை விலக்கிய கூட்டம். "நாம்" என்றால் கேட்பவரையும் உட்படுத்திய கூட்டம். பேச்சுவழக்கில் நம்மவர் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் கைவிட்டாலும் எழுத்திலே அதைப் பேணுதல் நன்று. ஆகவே "நாம் கூட்டுவோம்" என முடிவாயிற்று. கணக்குப் பாடத்துக் கூட்டலும் இதுவும் ஒரே சொல்லா என்று ஒரு பிள்ளை கேட்டு மகிழ்ந்தது.

அப்பொழுதுதான் பின்னல் சிறுமியை வரைந்த பிள்ளை கேட்டாள்: "சேர், நாம் என்றால் நீங்களும்தானே? அப்போ படத்தில் ஏன் சும்மா நிற்கிறீர்கள்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னை விடவில்லை.

எழுபதுகளில் வலிகாமத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் நான் படித்தேன். காலையில் வகுப்பறை கூட்டுவது பெண்பிள்ளைகளின் முறை. முற்றத்துச் சருகு வாருவது ஆண்பிள்ளைகளின் பங்கு. இவற்றுக்குச் சுவரிலே பட்டியல் இருந்தது. மலசலகூடத்துக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றிக் கழுவும் வேலைக்கு மட்டும் பட்டியல் இல்லை. எப்போதும் அதே மூன்று பிள்ளைகளே அனுப்பப்பட்டனர். ஏன் அவர்கள் என்று எவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சரிசமமாக ஆசனத்தில் அமரவேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளர்ச்சி நடந்ததும் பாடசாலைகள் எரிக்கப்பட்டதும் வரலாறு. நாற்பது ஆண்டுகளின் பின் ஆசனம் சமமாகியிருந்தது, வாளி சமமாகவில்லை.

பின்னாளில் நானே ஆசிரியனானபோது, பிந்தி வரும் மாணவனுக்கு விளக்குமாற்றைக் கொடுத்துத் தண்டித்தேன். கூட்டுவது இழிவு என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் கற்பித்திராது.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குள் சென்றபோது, பாடசாலைகள் அகதி முகாம்களாயின. நான் கற்பித்த கொட்டகையிலே இரவில் குடும்பங்கள் படுத்தன. காலையில் அவர்கள் பாய் சுருட்டி, கூட்டித் தருவார்கள். மாலையில் நாங்கள் கூட்டிக் கொடுப்போம். அதிபரும் தும்புத்தடி பிடித்தார். யாருடைய வேலை என்ற கேள்வி அங்கு எழவில்லை. எழவில்லை என்று எழுதிவிட்டேன்; சில மாதங்களில் அது மீண்டும் எழுந்தது என்பதையும் எழுதிவிடுவதே நேர்மை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஒரு பழைய வரலாற்றைச் சொன்னேன். 1910இல் தென்னாபிரிக்காவில், ஜொகன்னஸ்பேர்க் நகரிலிருந்து ஏறத்தாழ 21 மைல் தொலைவில், கலன்பாக் என்னும் நண்பர் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தியடிகள் தோல்ஸ்தோய் பண்ணையை அமைத்தார். சிறைசென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களே அங்கு வாழ்ந்தன. அவர்களுள் தமிழர் பலர். அங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. போப்பையரின் கைநூலை வைத்துத் தாம் கற்ற அரைகுறைத் தமிழில் காந்தியே அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். நம் சட்டன் பிள்ளைகளின் நிலைமையும் அதிகம் வேறல்லவே! பண்ணையில் வேலையாட்கள் இல்லை. சமையல் முதல் மலம் அள்ளுவது வரை எல்லாம் அங்கிருந்தோரே செய்தனர். ஆசிரியர் செய்யாத எந்த வேலையையும் பிள்ளைகளிடம் சொல்லலாகாது, பிள்ளை வேலை செய்யும்போது ஓர் ஆசிரியர் கூடநின்று செய்யவேண்டும் என்பது அங்கு விதி.

படத்தில் என் நீட்டிய விரலை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்து, கையில் குப்பைவாரி ஒன்றைக் கீறினார்கள். பின்னல் சிறுமி கதிரை தூக்க, சிறுவன் கூட்டுகிறான். சுழற்சிப் பட்டியலும் எழுதினோம். அதில் எனது பெயரும் உண்டு.

பெற்றோர் எல்லோரும் உடன்பட்டனர் என்றில்லை. ஐந்து கிராமர் பாடசாலைகளுக்காகவே இந்தப் பகுதிக்குக் குடிவந்த ஒரு தகப்பனார், செப்ரெம்பரில் தேர்வு இருக்கையில் இதென்ன வீண்வேலை என்றார். யப்பானில் மாணவர்களே வகுப்பறையைத் துப்புரவு செய்வதையும், சிங்கப்பூர் 2017 தொடக்கம் அதை எல்லாப் பாடசாலைகளிலும் அன்றாடப் பழக்கமாக்கியதையும் சொன்னேன். பத்து நிமிடத்தில் தேர்வு தவறிவிடாது என்றும் சொன்னேன். அவருக்கு அது போதுமாயிருந்தது.

ஒரு தாய்க்குச் சொல்வதற்குத்தான் என்னிடம் எதுவும் இருக்கவில்லை. "மாஸ்ரர், குறை நினைக்காதேங்கோ. நான் இரவிலை ஒபிஸ் கூட்டித் துடைக்கிறது, இவன் துடைக்காமல் இருக்கவேணும் எண்டுதான்."

1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி, பிள்ளைகளுக்கு அரைநாள் பாடசாலை, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954இல் அவர் பதவி விலக, காமராசர் அதைக் கைவிட்டார். அன்று எதிர்த்தவர்களின் அச்சமும் இத்தாயின் அச்சமும் ஒன்றே. தாயின் தொழில் பிள்ளையின் தலையெழுத்தாகிவிடுமோ என்ற அச்சத்தை, உழைப்பின் மேன்மை பற்றிய பேச்சால் ஆற்ற முடியாது. "எல்லோரும் செய்யும் வேலை, தங்கச்சி, நானும் செய்வேன். வந்து பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

வாடகைச் சுவரில் நிரந்தரமாக எதையும் ஒட்ட அனுமதியில்லை. ஆதலால் சுவரொட்டியைக் காலையில் மாட்டி, ஒரு மணிக்குச் சுருட்டி எடுத்துவருகின்றோம். சென்ற வாரம் அத்தாய் முன்கூட்டியே வந்து கதவருகில் நின்றார். மகன் கூட்டிக்கொண்டிருந்தான், நான் குப்பைவாரியுடன் குனிந்திருந்தேன். சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "மூலையை விட்டிட்டான், மாஸ்ரர்" என்றார். உள்ளே வந்து தும்புத்தடியை வாங்கி, அதை எப்படிப் பிடித்தால் முதுகு நோகாது என்று அவனுக்கும், பின்னர் எனக்கும் காட்டித் தந்தார்.