வானில் விலகிய தடை, தரையில் தொடர்ந்தது

ஐரோப்பிய வம்சாவளியினருக்கு மட்டுமே 1939 வரை பிரிட்டிஷ் விமானப் படையில் இடமிருந்தது. போர் மூண்டதும் அந்த ஆண்டு அக்டோபரில் இத்தடை தளர்த்தப்பட்டது. அதுவும் போர்க்காலத்துக்கு மட்டும். கரீபியத் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 500 பேர் விமானங்களில் பறந்தனர். ஆயிரக்கணக்கானோர் தரைப் பணியாற்றினர்.

எண்பது முறை போர்ப் பயணம் மேற்கொண்ட டிரினிடாடின் உல்ரிக் கிராஸ், பின்னாளில் நீதிபதியானார். பார்படோஸின் எரோல் பாரோ, 1966இல் விடுதலை பெற்ற தன் நாட்டின் முதல் பிரதமரானார்.

விமானப் படையில் பணியாற்றிய பலர், 1948இல் ‘விண்ட்ரஷ்’ கப்பலில் பிரிட்டனுக்குத் திரும்பினர். அவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பதற்குக்கூட நிறம் தடையாக நின்றது. தேவைக்காகத் திறக்கப்படும் கதவு, தேவை தீர்ந்ததும் மூடிக்கொள்ளும். உரிமையாகச் சட்டம் உறுதிசெய்யாத சமத்துவம், வெறும் சலுகையே.