சுற்றோலை சொல்லும் சேதி

கன்னட நாட்டுப் பள்ளிக்கூடங்களில் சுற்றறிக்கையைச் 'சுத்தோலெ' என்பர். தமிழ்க் காதுக்கு முதலில் அந்நியமாக ஒலிக்கும் இச்சொல்லைச் சற்று நிறுத்திச் சொல்லிப் பார்த்தால், அது நம்முடைய 'சுற்றோலை' அன்றி வேறன்று என்பது விளங்கும். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, சுற்றி வரும் ஓலை. காகிதம் வந்து ஓலை போயிற்று; இப்பொழுது காகிதமும் பாதி போய்க் கைப்பேசி வந்துவிட்டது. பெயர் மட்டும் அன்றிருந்தபடியே நிற்கிறது. பிழைப்பை நாடி மைசூருக்கு வந்து, இங்கேயே குழந்தைகளை உயர்நிலைப் பள்ளியில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இந்த ஓலையைப் பற்றிச் சில விவரங்களைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

ஓர் உயர்நிலைப் பள்ளி வாரந்தோறும் இரண்டு விதமான செய்திகளை வெளியிடுகிறது. ஒன்று வெளியே போவது: விடுமுறை, தேர்வு, கட்டணம், பெற்றோர் கூட்டம், விளையாட்டுப் போட்டி முதலியவை. மற்றொன்று உள்ளேயே சுற்றுவது: ஆசிரியர்களுக்குத் தலைமையாசிரியர் எழுதும் நினைவூட்டல். முன்னாளில் இரண்டும் ஒரே நீண்ட கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. பள்ளிச் சேவகர் அதை வகுப்பு வகுப்பாக எடுத்துச் செல்வார். ஆசிரியர் பாடத்தை நிறுத்தி, பிள்ளைகளுக்கு உரியதை உரக்கப் படித்து, தமக்கு உரியதை மனத்திற்குள் படித்து, ஓரத்தில் கையொப்பமிட்டுத் திருப்பித் தருவார். 'எனக்குத் தெரியாது' என்று பிற்பாடு எவரும் சொல்ல முடியாதபடி அந்தக் கையொப்பம் காத்து நின்றது. இன்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்து விழுகிறது. பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் தெரிகின்றன. பார்த்ததும் புரிந்துகொண்டதும் ஒன்றாகா என்பதைப் பழைய நோட்டுப் புத்தகம் ஓரளவு அறிந்திருந்தது, கைப்பேசி அறியாது.

வாரச் செய்தியின் வாய்மொழி வடிவம் காலை வணக்கக் கூட்டம். கர்நாடகப் பள்ளிகளில் அங்கே மாநிலப் பாடல் பாடப்படுகிறது. கவி குவெம்பு இயற்றிய அப்பாடல் 2004ஆம் ஆண்டு அரசின் அதிகாரபூர்வமான நாட்டுப் பாடலாக ஏற்கப்பட்டது. 2023 முதல் அரசியல் சாசனத்தின் முகப்புரையும் வாசிக்கப்பட்டு வருகிறது. பின்னர் ஒரு மாணவர் 'நுடிமுத்து' ஒன்று சொல்வார். நுடி என்றால் சொல். முத்து நம்முடைய முத்துதான். அதன்பின் மற்றொருவர் அன்றைய செய்திகளைப் படிப்பார். ஊருக்கு முன் நின்று செய்தி படிக்கும் இப்பழக்கம் மைசூருக்குப் பொருத்தமே. மகாராஜா கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலஸ்வாமி 1935இல் தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு வழங்கிய 'ஆகாசவாணி' என்ற பெயரைத்தான் 1950களின் பிற்பகுதியில் அகில இந்திய வானொலி தன் பெயராக ஏற்றுக்கொண்டது. ஒரு வாத்தியார் வீட்டில் தோன்றிய பெயர் நாடு முழுவதற்கும் ஆயிற்று.

நிற்க. ஆசிரியர்களுக்குள் சுற்றும் ஓலையில் என்ன இருக்கும்? பாடக்குறிப்பேட்டை இன்ன நாளில் பார்வைக்கு வைக்க வேண்டும்; விடுப்பில் உள்ளவரின் வகுப்பை இன்னார் எடுக்க வேண்டும்; ஆண்டில் நான்கு முறை நடக்கும் உருவாக்க மதிப்பீடு, இரண்டு முறை நடக்கும் தொகுப்பு மதிப்பீடு ஆகியவற்றின் மதிப்பெண்களை 'ஸாட்ஸ்' எனப்படும் மாநில மாணவர் கணினிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்; மதிய உணவையும் பாலையும் மேற்பார்வை பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பால் வழங்கும் 'க்ஷீர பாக்ய' திட்டம் 2013இல் தொடங்கியது. இவை போதாவென்று தேர்தல் பணி, கணக்கெடுப்புப் பணி. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் மாநிலத்தின் சமூக, கல்வி நிலைக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களே வீடு வீடாகச் சென்றனர். அது முடியாமையால் தசரா விடுமுறை அம்மாதம் 18ஆம் தேதி வரை நீட்டிக்கப்பட்டது. 'வாத்தியார் ஏன் என் பிள்ளையின் நோட்டைத் திருத்தவில்லை' என்று கேட்கும் பெற்றோர், அந்த உள் ஓலையை ஒருமுறை பார்த்தால் கேள்வியை வேறு விதமாகக் கேட்பார்கள். அதே சமயம், ஒரே நினைவூட்டலை ஐந்து வாரம் தொடர்ந்து எழுதும் தலைமையாசிரியர் ஆறாம் வாரம் அதை எவரும் படிப்பதில்லை என்பதையும் உணர வேண்டும்.

இனி, வெளியே வரும் ஓலையின் மொழி. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய தமிழருக்குக் கன்னட அறிவிப்பு பாதி தானே விளங்கும். 'கடுவு' என்பது நம் கெடு; 'கட்டாய' என்பது கட்டாயம்; 'முக்யோபாத்யாயரு' என்பவர் முதன்மை உபாத்தியாயர், அதாவது தலைமையாசிரியர். 'போஷகரு' என்றால் போஷிப்பவர், அதாவது பெற்றோர். தொல்லை தருவது விளங்காத பாதி அன்று. விளங்கிவிட்டதுபோல் தோன்றும் பாதியே. 'வார்த்தெ' என்று இருந்தால் அது சொல் அன்று, செய்தி. 'சஹி' என்று இருந்தால் கையொப்பமிடுக என்று பொருள், பொறுத்துக்கொள் என்பதன்று. 'விளம்ப சுல்க' என்பதைக் கண்டு ஏதோ விளம்பரக் கட்டணம் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. அது தாமதக் கட்டணம். எல்லாவற்றினும் ஏமாற்றுவது 'அவகாச' என்ற சொல். தமிழில் அவகாசம் என்றால் கால நீட்டிப்பு. கன்னடத்திலோ வாய்ப்பு, இடங்கொடுத்தல் என்பதே அதன் பெருவழக்கு. 'திருத்தத்திற்கு மறுபடி அவகாசவில்ல' என்று ஓர் ஓலை கூறுமானால், நேரம் போதவில்லை என்று பள்ளி வருந்துவதாக எண்ணிவிடலாகாது. இனி வாய்ப்பே இல்லை என்று அது முடிவாகச் சொல்கிறது.

எந்தத் திருத்தம்? இதுவே இப்பேச்சில் நான் முக்கியமாகக் கருதுவது. பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெயர்ப் பட்டியல் தேர்வு வாரியத்துக்குப் போகும் முன், பள்ளி ஓர் ஓலை அனுப்பும்: மாணவர் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையொப்பமிடுக என்று. பிற செய்திகளைத் தவறவிட்டால் ஒரு நாளோ ஒரு கட்டணமோ போகும். இதைத் தவறவிட்டால் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் ஏறும் பிழை ஆயுள் முழுவதும் கூடவே வரும். கல்லூரி, கடவுச்சீட்டு, உத்தியோகம், ஓய்வூதியம் அனைத்திற்கும் பிறந்த தேதிக்குச் சாட்சி அந்தச் சான்றிதழே.

தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே தனிச் சங்கடங்கள் உள்ளன. 'ழ', 'ற' ஆகிய எழுத்துகள் பழங்கன்னடத்தில் இருந்தன, பின்னாளில் வழக்கொழிந்தன. ஆகவே எழிலரசி எளிலரசியாகவோ எலிலரசியாகவோ ஆவாள். கன்னடத்தில் ஒவ்வொரு வல்லின ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. நமக்கோ ஒரே 'ப' பாலனுக்கும் பழனிக்கும் போதும். சொல்பவரின் உச்சரிப்பும் கேட்பவரின் செவியும் சேர்ந்து தீர்மானிப்பதே பதிவேட்டில் ஏறும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமும், தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் வேறு விதமும், ஆதாரில் மூன்றாவது விதமும் இருக்கையில் எழுத்தர் எதைப் பார்த்து எழுதுவார்?

தலைப்பெழுத்தின் கதை இன்னும் நீளம். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து நிறுத்திக்கொள்கிறோம். கன்னட நாட்டில் ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து வருவது பழைய வழக்கு. குவெம்பு என்பதே குப்பளி வெங்கடப்ப புட்டப்ப என்பதன் சுருக்கம். தமிழரிடமும் அவ்வழக்கு இருந்தது. மைசூரிலேயே வாழ்ந்து எழுதிய ஆர். கே. நாராயணின் பெயரில் முதலெழுத்து சேலத்தை அடுத்த ராசிபுரம்; இரண்டாவது, தந்தை கிருஷ்ணசாமி. அத்தந்தையார் மைசூர் மகாராஜா கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். நாராயணசுவாமி என்ற நீண்ட பெயர், ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீனின் யோசனைப்படி, 1935இல் முதல் நாவல் வெளிவந்தபோது நாராயண் என்று குறுகிற்று. எழுத்தாளர் தம் பெயரைச் சுருக்கிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு மாணவர் அச்சான பிறகு ஓர் எழுத்தையும் மாற்ற இயலாமல் அலைய நேரும். ஆதலால் தலைப்பெழுத்து முன்னா பின்னா, ஒன்றா இரண்டா, விரித்து எழுதுவதா என்பதை எட்டாம் வகுப்பில் சேர்க்கும்போதே முடிவு செய்து, எல்லா ஆவணங்களிலும் அதையே ஒருமிக்கச் செய்துகொள்வது நலம்.

எட்டாம் வகுப்பில் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி. தேர்வின் மொத்தம் 625 மதிப்பெண். முதல் மொழிக்கு மட்டும் 125. ஏனைய ஐந்து பாடங்களுக்கும் தலா 100. முதல் மொழியாக எடுக்கத் தக்கவற்றுள் தமிழும் ஒன்று. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, நம் பள்ளியில் அதைக் கற்பிக்க ஆசிரியர் இருப்பது வேறு. எந்த மொழி எந்த இடத்தில் என்பதைக் கேட்கும் படிவம் சேர்க்கையோடு வருகிறது. அதைப் படிக்காமல் நிரப்பினால் பிள்ளைக்குப் பழக்கமில்லாத மொழி 125 மதிப்பெண் இடத்தில் அமர்ந்துவிடலாம். எப்படியாயினும் கன்னடம் கற்றே ஆகவேண்டும். 2015ஆம் ஆண்டின் சட்டம் அவ்வாறு விதிக்கிறது. தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு கூறும் அரசியல் சாசனத்தின் 350-அ பிரிவு தொடக்கக் கல்விக்கு உரியது. உயர்நிலைப் பள்ளியில் அதைக் காட்டி வாதாட இடமில்லை. கன்னடம் கற்பதைப் பாரமாகக் கருதுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. மைசூரில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்துக்குப் பிற மாநில ஆசிரியர்கள் வந்து, பத்து மாதம் தங்கித் தமிழையும் கன்னடத்தையும் கற்றுச் செல்கிறார்கள். நாமோ ஊரிலேயே இருக்கிறோம்.

பெற்றோர் கற்காத இடத்தில் அவ்வேலை குழந்தையின் தலையில் விழுகிறது. பன்னிரண்டு வயதுப் பெண் ஓலையை வாங்கி வந்து, தாய்க்குப் படித்துச் சொல்லி, எங்கே கையொப்பமிட வேண்டும் என்று காட்டுகிறாள். கெட்டிக்காரிதான். ஆனால் வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வெழுத முடியாது என்ற எச்சரிக்கையையும், பெற்றோர் நேரில் வரவேண்டும் என்ற அழைப்பையும் அவளே படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தன்மேல் வந்த புகாரைத் தானே முழுதாக மொழிபெயர்க்கும் குழந்தை அபூர்வம். தனக்கு விளங்காத வரியைத் தாண்டிச் செல்லும் குழந்தையோ அபூர்வமன்று. ஆகவே மாதம் ஒருமுறையேனும் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையாரிடம் ஓலைகளைக் காட்டி, ஒருதரம் படித்துச் சொல்லுமாறு கேட்பதில் கூச்சம் வேண்டாம். கைப்பேசியின் மொழிபெயர்ப்பு ஓரளவு உதவும்; பெயரிலும் தேதியிலும் அதை நம்பலாகாது.

பள்ளிக்கு நேரில் போவதற்கும் வழி இருக்கிறது. செப்டம்பர் 5ஆம் தேதி ஆசிரியர் தினம். அதற்குரிய டாக்டர் ராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்தவர். 1918 முதல் 1921 வரை மைசூர் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட நாளில் மாணவர்களே வண்டியை ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். அன்று பள்ளியில் ஒரு வணக்கம் சொல்லலாம். அலுவல் பேச அது நாளன்று. அரசுப் பள்ளிகளில் சனிக்கிழமை காலையில் மட்டும் வகுப்பு நடக்கும். காலை உடற்பயிற்சி முடிந்தபின் அலுவலகத்தில் கூட்டம் குறைவு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பழைய மாற்றுச் சான்றிதழ் மூன்றின் நகலோடும் சென்று, சேர்க்கைப் பதிவேட்டில் நம் பிள்ளையின் வரியைக் காட்டும்படி கேட்கலாம். பட்டியல் போகுமுன் கண்ட எழுத்துப் பிழையைத் தலைமையாசிரியர் அங்கேயே திருத்திவிடக்கூடும். சான்றிதழ் அச்சான பின்னரோ விண்ணப்பம், பதிவேட்டின் நகல், பள்ளியின் கடிதம் என்று வாரியத்துக்கு நடக்க வேண்டும். பிறந்த தேதியானால் நீதிமன்றம் வரை போகவும் நேரிடும்.