கார் டிக்கியில் ஏர் சஸ்பென்ஷனும் ஒலியமைப்பும்

கார் டிக்கியில் ஏர் சஸ்பென்ஷனும் ஒலியமைப்பும் என்பது, தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட இரும்புச் சுருள் ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகளைப் பொருத்தி, அவற்றுக்கு வேண்டிய கம்ப்ரசர், காற்றுத் தொட்டி, வால்வுத் தொகுதி ஆகியவற்றையும், கூடவே சப்வூஃபர், ஆம்ப்ளிபயர் போன்ற ஒலிக் கருவிகளையும் காரின் டிக்கிக்குள் அமைக்கும் முறையாகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கார் ஆர்வலர்களிடையே இது பரவலான பொழுதுபோக்கு. இரண்டு வேலைகளும் தனித்தனியானவை போலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே டிக்கியின் இடத்தையும், ஒரே ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தையும், ஒரே பின் அச்சின் தாங்கும் திறனையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆகவே இரண்டுக்கும் ஒரே தாளில் திட்டம் போட வேண்டும்.

வரலாறு

காற்றில் மிதக்கும் வாகனம் புதிதன்று. 1957-இல் வெளிவந்த காடிலாக் எல்டொராடோ பிரோகம் காரில் ஏர் சஸ்பென்ஷன் இயல்பாகவே பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் காற்றுக் கசிவு தீராத தலைவலியாக இருந்ததால், உரிமையாளர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டனர். பேருந்துகளிலும் கனரக வாகனங்களிலும்தான் இம்முறை நிலைத்தது. இந்திய நெடுஞ்சாலைகளில் ஓடும் வால்வோ சொகுசுப் பேருந்துகளில் பயணம் செய்தவர்கள் இதன் சுகத்தை அறிவார்கள்.

காரை விருப்பம்போல் தாழ்த்தி உயர்த்தும் பழக்கம் கலிபோர்னியாவின் 'லோரைடர்' கலாசாரத்திலிருந்து வந்தது. சக்கர வளையத்தின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாகக் காரின் எந்தப் பகுதியும் இருக்கக் கூடாது என்று அம்மாநிலம் 1958-இல் சட்டம் செய்தது. ரான் அகிர்ரே என்பவர் 1959-இல் தம் கார்வெட் காரில் ஹைட்ராலிக் கருவிகளைப் பொருத்தினார். காவலர் வந்தால் கார் உயரும், போனால் தாழும். பின்னாளில் ஹைட்ராலிக் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றைக் கொண்டு அதே வேலையைச் செய்வது பரவியது. அந்தச் சட்டத் தடை 2024 சனவரியில்தான் நீங்கியது. ஐரோப்பாவில் இதற்குப் பெயர் பெற்ற கார் வோல்க்ஸ்வாகன் கோல்ஃப். ஆஸ்திரியாவின் வோர்தர்சே ஏரிக்கரையில் 1982-இல் தொடங்கிய கோல்ஃப் சந்திப்பு இத்தகைய கார்களின் திருவிழாவாகவே பல ஆண்டுகள் விளங்கியது.

காற்று ஸ்பிரிங்காக வேலை செய்யும் விதம்

ஒரு காற்றுப் பை தாங்கும் எடை, உள்ளே உள்ள அழுத்தத்தையும் பையின் பயனுறு பரப்பையும் பெருக்கினால் கிடைக்கும். பரப்பு 80 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் 4 பார் என்றால் தாங்கும் விசை 3,200 நியூட்டன், அதாவது சுமார் 325 கிலோ எடை. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது பை நசுங்குகிறது. கன அளவு குறைய அழுத்தம் கூடுகிறது. பள்ளி அறிவியலில் படிக்கும் பாயில் விதிதான் இது. மேலும் நசுக்க மேலும் விறைப்பாகும் என்பதால் கடைசி அங்குலத்தில் அது எளிதில் தரை தட்டாது.

இன்னொரு நன்மையும் உண்டு. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாதது. எடை கூடினால் கார் தாழ்ந்து, மெதுவாக ஆடும். காற்றுப் பையிலோ எடை கூடும்போது கூடுதல் காற்றை ஏற்றுகிறோம். எடையோடு விறைப்பும் சேர்ந்து கூடுவதால் ஆட்டத்தின் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். காலியாகவும் நிறைந்தும் ஓட வேண்டிய பேருந்துகள் இதை விரும்புவதற்குக் காரணம் இதுவே.

வெப்பநிலையும் இதில் விளையாடும். மாலையில் 30 பாகை செல்சியசில் நிறுத்திய கார் விடியற்காலையில் 10 பாகைக்குக் குளிர்ந்தால், பையிலுள்ள காற்றின் கன அளவு சுமார் 7 சதவீதம் சுருங்கும். கார் சற்றுத் தாழ்ந்திருக்கும். இதைக் கண்டதும் கசிவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான்கு மூலைகளும் சமமாகத் தாழ்ந்திருந்தால் குளிர். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே சோப்பு நீரைத் தடவிப் பார்க்க வேண்டும்.

மூடிய பெட்டியில் வைக்கும் சப்வூஃபரும் இதே விதிப்படிதான் இயங்குகிறது என்பது பலர் கவனிக்காத செய்தி. கூம்பு உள்ளே போகும்போது பெட்டிக்குள் உள்ள காற்று நசுங்கி, அதைத் திருப்பித் தள்ளுகிறது. பெட்டிக் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தும் இந்த முறையை 1954-இல் எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர் ஒலிபெருக்கிகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பெட்டி சிறிதானால் காற்று விறைப்பாகும், ஒத்ததிர்வு மேலே ஏறும், ஆழ்ந்த ஒலி குறையும். ஒத்ததிர்வு 28 ஹெர்ட்சும் சமக் காற்றளவு 60 லிட்டரும் உடைய ஒரு சப்வூஃபரை எடுத்துக்கொள்வோம். (கூம்பைத் தாங்கும் விளிம்பின் விறைப்புக்கு இணையான விறைப்பைத் தரும் காற்றின் அளவே சமக் காற்றளவு. தயாரிப்பாளர் தரும் தாளில் இது குறிக்கப்பட்டிருக்கும்.) 30 லிட்டர் பெட்டியில் வைத்தால் ஒத்ததிர்வு 48 ஹெர்ட்சுக்குச் சற்று மேல். இடமில்லை என்று 20 லிட்டர் பெட்டியில் திணித்தால் 56. ஆழம் போய், ஒரே சுரத்தில் முழங்கும் ஒலியே மிஞ்சும். காற்றுத் தொட்டிக்கு இடம் விட்டுக் கொடுத்ததன் விலை இது.

இடப் பங்கீடு

2012-இல் வெளிவந்த ஏழாம் தலைமுறை கோல்ஃபின் டிக்கி 380 லிட்டர். கேட்பதற்குப் பெரிது. ஆனால் அந்த அளவு கூரை வரை செல்லாவிட்டாலும் மூலை முடுக்குகளைச் சேர்த்தது. சதுரமான பொருளை வைக்க அவ்வளவும் உதவாது. பொதுவாகக் காணப்படும் 5 காலன் தொட்டி 19 லிட்டர். அதோடு இரண்டு கம்ப்ரசர், வால்வுத் தொகுதி, நீர் வடிப்பான் ஆகியவற்றை ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் இறக்கி, மேலே பலகைத் தளம் போட்டு, அதன் மேல் ஒலிப் பெட்டியை வைப்பது பெரும்பாலோர் வழி. ஸ்டெப்னி போய்விடும் என்பதை ஏற்றுக்கொண்டே இதில் இறங்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் பசையும் ஏற்கெனவே உள்ள கம்ப்ரசரும் சிறு ஓட்டைக்கு உதவும். டயர் கிழிந்தால் உதவா.

ஒலிப் பெட்டியை வெளி அளவால் கணக்கிடுவது வழக்கமான தவறு. 40, 35, 33 சென்டிமீட்டர் பக்கங்களுடைய பெட்டி வெளியே 46 லிட்டர். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில் செய்தால் உள்ளே மிஞ்சுவது 33½ லிட்டர்தான். சப்வூஃபரின் காந்தமும் கூடையும் இன்னும் 3 லிட்டரை விழுங்கும். பலகை மட்டும் ஏறத்தாழ 10 கிலோ எடை. துளையுள்ள பெட்டி அதிக முழக்கம் தரும். ஆனால் அதற்கு இன்னும் பெரிய இடம் வேண்டும் என்பதால், ஏர் சஸ்பென்ஷன் உள்ள சிறு காருக்கு மூடிய பெட்டியே ஏற்றது.

கம்ப்ரசருக்குக் காற்றோட்டம் விட வேண்டும். தயாரிப்பாளர் 33 சதவீத ஓட்டம் என்று குறித்திருந்தால், 10 நிமிடம் ஓடினால் 20 நிமிடம் ஆற வேண்டும் என்று பொருள். அழகுக்காக வெல்வெட் துணி சுற்றிய பெட்டிக்குள் அதை அடைத்து வைத்தால் ஆற வழியே இல்லை. தண்ணீர் வடிக்கும் குமிழும் ஃபியூசும் கைக்கு எட்ட வேண்டும். கண்காட்சிக்காகப் பளபளவென்று மூடிவிட்டு, ஒரு ஃபியூஸ் மாற்ற முழுத் தளத்தையும் பெயர்ப்பவர்கள் ஏராளம்.

மின்சாரம்

500 வாட் ஒலி தரும் வகுப்பு-டி ஆம்ப்ளிபயர் 80 சதவீதத் திறனோடு இயங்கினால் 625 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். கம்ப்ரசர் ஒன்றுக்கு 20 ஆம்பியர் வீதம் இரண்டுக்கு 40. ஆக 85. சிறு கார்களின் ஆல்டர்னேட்டர்கள் பல 90 முதல் 140 ஆம்பியர் வரை தருபவை. அதில் முகப்பு விளக்கும் குளிர்சாதனமும் அடக்கம். பாட்டு எப்போதும் உச்சத்தில் ஒலிப்பதில்லை, கம்ப்ரசரும் இடைவிடாது ஓடுவதில்லை என்பதால் பெரும்பாலும் சமாளித்துவிடும். இருந்தாலும் கம்பியை உச்சக் கணக்குக்கே தேர்வு செய்ய வேண்டும்.

முன்னால் உள்ள பாட்டரியிலிருந்து டிக்கிக்குச் சுமார் 5 மீட்டர். 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 85 ஆம்பியர் பாய்ந்தால் வழியிலேயே முக்கால் வோல்ட் வெப்பமாகப் போய்விடும். 25 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.3 வோல்ட். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் சுமார் 60 சதவீதமே என்பதால் அதே தடிமன் போதாது.

பாட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் முதன்மை ஃபியூஸ் இருக்க வேண்டும். இது ஆம்ப்ளிபயரைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது கம்பியைக் காப்பது. கார் தகட்டில் உரசி உறை கிழிந்த கம்பி, ஃபியூஸ் இல்லாவிட்டால் பாட்டரியின் முழு ஆற்றலையும் நெருப்பாக்கும். டிக்கியில் அந்த ஒரு கம்பி பிரியும் இடத்தில் ஆம்ப்ளிபயருக்கும் கம்ப்ரசர்களுக்கும் தனித்தனி ஃபியூஸ் வேண்டும். கம்ப்ரசரின் ரிலே சாவி திருப்பினால் மட்டுமே இயங்க வேண்டும். இல்லையெனில் சிறு கசிவு இருந்தாலும் இரவெல்லாம் கம்ப்ரசர் ஓடி ஓடி பாட்டரி தீர்ந்துவிடும். ஒலிச் சமிக்ஞைக் கம்பியைக் காரின் எதிர்ப் பக்கமாகக் கொண்டுபோனால், மோட்டார் ஓடும்போது பாட்டில் கேட்கும் கரகரப்பு குறையும்.

எடையும் உயரமும்

தொட்டி, கம்ப்ரசர்கள், பெட்டி, சப்வூஃபர், ஆம்ப்ளிபயர், பலகைத் தளம் எல்லாம் சேர்ந்து 45 கிலோவைத் தாண்டிவிடும். பள்ளிச் சிறுவன் ஒருவன் எப்போதும் டிக்கியில் உட்கார்ந்திருப்பது போல. அழுத்தத்தை மட்டும் அளக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் ஓட்டும் உயரத்தை முதலில் பதிந்துவிட்டுப் பிறகு ஒலிப் பெட்டியை ஏற்றினால், அதே அழுத்தத்தில் கார் தாழ்ந்து நிற்கும். சக்கரக் கோணங்களும் மாறி டயர் உள் விளிம்பில் தேயும். எனவே டிக்கி வேலை முழுதும் முடிந்த பின்னரே உயரத்தைப் பதிந்து, வீல் அலைன்மென்ட் செய்வது முறை. பெட்டியை ஒரு பக்கமாக வைத்தால் அந்தப் பக்கப் பைக்குத் தனி அழுத்தம் வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி வால்வு தேவைப்படுவது இதற்காகவும்தான். இடது, வலது பைகள் ஒரே குழாயில் இணைந்திருந்தால் வளைவில் காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடி, கார் சாயும்.

தொட்டியின் ஆபத்து

கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 32 பவுண்டு காற்று. தொட்டியில் 150 முதல் 200 பவுண்டு. 150 பவுண்டில் உள்ள 19 லிட்டர் தொட்டி திடீரென வெடித்தால் வெளிப்படும் ஆற்றல், 1,300 கிலோ காரை ஒரு மீட்டருக்கு மேல் தூக்கப் போதுமானது. ஆகவே அழுத்தத்துக்கெனச் சோதித்து முத்திரையிட்ட தொட்டியையே வாங்க வேண்டும். பழைய எரிவாயு சிலிண்டரைப் பற்றவைத்து மாற்றுவதும், தொட்டியில் துளையிடுவதும் கூடவே கூடா. பாதுகாப்பு வால்வு கட்டாயம். தொட்டியைப் பலகையில் மர ஸ்குருவால் பிடிக்காமல், தகட்டின் மறுபுறம் அகன்ற வாஷர் வைத்துப் போல்ட்டால் இறுக்க வேண்டும். மோதலில் அது பின் இருக்கையை நோக்கித்தான் பாயும். தளத்தில் துளையிடுமுன் காரின் அடியில் படுத்து, அந்த இடத்தில் பெட்ரோல் தொட்டியோ பிரேக் குழாயோ செல்கிறதா என்று பார்ப்பது அவசியம். டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் உள்ள காரில் இந்த வேலையை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். கம்ப்ரசர் மோட்டாரின் தூரிகையில் பொறி பறக்கும்.

அழுத்தப்படும் காற்றிலுள்ள ஈரம் தொட்டியின் அடியில் நீராகத் தங்கும். வடிக்காமல் விட்டால் உள்ளே துரு பிடிக்கும், வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். குளிர் நாடுகளில் உறைந்தும் போகும்.

சட்ட நிலை

ஜெர்மனியில் இத்தகைய மாற்றத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் சோதித்து ஏற்க வேண்டும். இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி விபத்து இழப்பீடு மறுக்கப்படக் கூடும்.