ஐந்து அடிமைகளில் தொடங்கிய சபை: தரங்கம்பாடி எருசலேம் ஆலயத்தின் கதை

சான்பாடா, செம்பூர், மாதுங்கா, தாராவிப் பகுதிகளில் வாழும் தமிழர்கள் லீவில் ஊருக்குப் போகும்போது திருக்கடையூர், நாகூர், வேளாங்கண்ணி என்று ஒரு சுற்றுப் போய் வருவது வழக்கம். அந்தக் கடற்கரைச் சாலையில்தான் தரங்கம்பாடி இருக்கிறது. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

இறங்கினால், பழைய நகர வாசலைத் தாண்டியதும் ராஜ வீதி. நேரே போனால் கடல். அந்த வீதியில் சிலுவை வடிவில் கட்டப்பட்ட ஓர் ஆலயம் நிற்கிறது. முகப்பில் ஒரு கிரீடம், ஓர் அரசரின் பெயர்ச் சின்னம், 1718 என்ற ஆண்டு. இதுவே புதிய எருசலேம் ஆலயம். இந்திய லுத்தரன் சபைகளின் வரலாறு இந்தச் சிறிய ஊரில்தான் தொடங்குகிறது.

இருபத்து நான்கு வயது வாலிபர்

1620-ஆம் ஆண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க் நாட்டு வணிகர்கள் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். கோட்டை கட்டினார்கள், மிளகு வியாபாரம் செய்தார்கள். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் சமயப் பணி பற்றி அவர்கள் பெரிதாக அக்கறை கொள்ளவில்லை.

பின்னர் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக், ஜெர்மானியரான சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரு இளம் போதகர்களை அனுப்பி வைத்தார். 1706 ஜூலை 9-ஆம் நாள் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மறுநாள்தான் சீகன்பால்குவுக்கு 24 வயது நிறைந்தது.

அவரவர் தாய்மொழியில் வேதம் படிக்க வேண்டும், வழிபட வேண்டும் என்பது மார்ட்டின் லுத்தர் வகுத்த வழி. ஆகவே முதல் வேலை தமிழ் படிப்பது. சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி அவர் 'அ, ஆ' கற்றுக்கொண்டார். கம்பெனி அதிகாரிகளுக்கு இந்த வாலிபரின் போக்கு பிடிக்கவில்லை. 1708-ஆம் ஆண்டின் கடைசியில் டேனிஷ் ஆளுநர் அவரைக் கோட்டைக்குள் சிறை வைத்தார். நான்கு மாதம் சிறைவாசம்.

ஐவர்

1707 மே 12-ஆம் நாள் முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றுக்கொண்டவர்கள் ஐந்து பேர். ஐவரும் டேனிஷ்காரர்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களை வைத்துத் தொடங்கியதுதான் தரங்கம்பாடிச் சபை.

அதே ஆண்டு ஆகஸ்டில் எருசலேம் என்ற பெயரில் கடற்கரை அருகே சிறிய ஆலயம் ஒன்று எழுந்தது. சபை வளர வளர இடம் போதவில்லை. அந்தக் கட்டடமும் பின்னர் கடலுக்கு இரையாகிவிட்டது. 1717 பிப்ரவரியில் ராஜ வீதியில் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1718 அக்டோபர் 11-ல் பிரதிஷ்டை. அடுத்த பிப்ரவரியில் சீகன்பால்கு காலமானார். வயது 36. அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அவரது கல்லறை இருக்கிறது.

அச்சு எழுத்தும் காகிதமும்

இதற்கு நடுவே இன்னொரு பெரிய காரியமும் நடந்தது. வெளிநாட்டிலிருந்து அச்சு இயந்திரமும் தமிழ் எழுத்துகளும் வந்தன. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையே வைத்தார்கள்.

அச்சான அந்தப் பகுதிகளைப் படித்து மனம் மாறியவர்களில் ஒருவர் ராஜநாயக்கன். தஞ்சைப் படையில் சிப்பாயாக இருந்தவர். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். படையை விட்டு உபதேசியாரானார். தஞ்சைப் பகுதியில் எதிர்ப்புக்கு அஞ்சாமல் ஊர் ஊராகச் சென்று சபைகளை வளர்த்தார்.

கிடைக்காத அங்கி

ஆனால் இவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. 1733-ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழர்களில் முதல் லுத்தரன் குருவாக ஆரோன் அபிஷேகம் செய்யப்பட்டார். அவர் வேளாளர். அடுத்த வாய்ப்பு 1741-ல் வந்தது. அப்போதும் ராஜநாயக்கன் விடப்பட்டு, தியோகோ என்பவர் குருவானார். தாழ்த்தப்பட்டவர் கையிலிருந்து நற்கருணை வாங்க மற்ற வகுப்பார் முன்வரமாட்டார்கள் என்பதே தயக்கத்துக்குக் காரணம். ராஜநாயக்கன் 1771-ல் இறக்கும் வரை உபதேசியாராகவே இருந்தார்.

ஆலயத்துக்குள்ளும் அப்படித்தான். ஒரே வேதம், ஒரே பாட்டு. ஆனால் உட்கார்ந்த இடம் வேறு வேறு. அடிமைகளைக் கொண்டு தொடங்கிய சபை, வாசலைத் திறந்துவிட்டது. தரையில் இருந்த கோட்டை அழிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் சபைத் தலைவர்கள் சாதி வேற்றுமையை விட்டுவிட வேண்டும் என்று கண்டிப்புக் காட்டியபோது, அதை விட மனமில்லாதவர்களில் பலர் லுத்தரன் பக்கம் வந்து சேர்ந்தார்கள் என்பதும் சரித்திரம்.

மாறிய கைகள்

1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் ஆங்கிலேயருக்கு பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். சபைப் பொறுப்பு ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் வசம் வந்தது. 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனிச் சபையாக அமைந்தது. முதல் பேராயர் ஒரு சுவீடன் நாட்டவர். 1956-ல்தான் ராஜா மாணிக்கம் என்ற தமிழர் அந்தப் பீடத்தில் அமர்ந்தார். முதல் தமிழ்க் குருவுக்கும் முதல் தமிழ்ப் பேராயருக்கும் நடுவே 223 ஆண்டுகள்!

2004 டிசம்பர் 26-ல் சுனாமி தரங்கம்பாடிக் கடற்கரைக் குடியிருப்புகளைச் சூறையாடியது. பல உயிர்கள் போயின. ராஜ வீதி ஆலயம் தப்பி நின்றது. 2018-ல் அதற்கு முந்நூறு வயது நிறைந்தது.

பிழைப்புக்கு வந்த பம்பாயில் ஒரே குழாயடியில் வரிசை நின்று, ஒரே லோக்கல் ரயிலில் தோளோடு தோள் இடித்துப் போகிறவர்கள்கூட ஊர் எல்லையை மிதித்ததும் தெருவுக்குத் தெரு பிரிந்துவிடுவது உண்டு. அடுத்த லீவில் திருக்கடையூர் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்த ஆலயத்துக்குள்ளும் போய் வரலாம். சீகன்பால்குவின் கல்லறையை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். ராஜநாயக்கனையும் அந்த ஐவரையும் பார்க்கிறவர்கள்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.