தொலைநோக்கி ஆடி: தேய்ப்பதும் சோதிப்பதும்

குழியாடிப் பாடம் நடத்தும்போது, வளைவு ஆரம் என்பது குவியத் தொலைவைப் போல் இரு மடங்கு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான். சங்கராபுரத்தில் எங்கள் அறிவியல் மன்றப் பிள்ளைகளோடு 150 மி.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி ஆடி ஒன்றைத் தேய்க்க உட்கார்ந்த பிறகுதான் அந்த வரி எனக்கே விளங்கியது.

முதல் பாதி வேலை எளிது. ஒரே அளவில் இரண்டு தடித்த கண்ணாடி வட்டுகள், இடையில் கார்போரண்டம் தூளும் தண்ணீரும். மேல் வட்டை முன்னும் பின்னும் தள்ளி, அவ்வப்போது சற்றுத் திருப்பி, மேசையைச் சுற்றி வரவேண்டும். மேல் வட்டு குழியும். கீழ் வட்டு மேடாகும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இரண்டும் ஒட்டி உரசுவதால், கோளப் பரப்பு தானாகவே வந்துவிடும். 1,200 மி.மீ. குவியத் தொலைவுக்கு நடுவில் வேண்டிய குழி ஏறத்தாழ 1.2 மி.மீ.தான். தூளைப் படிப்படியாக நுண்மையாக்கி, கடைசியில் பிட்ச் என்னும் கீலை அடிவட்டில் ஊற்றி, சீரியம் ஆக்சைடு குழம்பால் மெருகேற்ற வேண்டும். நம்மூர் வெயிலில் பிட்ச் இளகி வழியும். அதனால் காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துக்கொண்டோம்.

மெருகேறிய ஆடியைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு வேலை முடிந்ததுபோலத் தோன்றியது. ஆனால் கோளப் பரப்பில் விளிம்பில் பட்ட கதிர்களும் நடுவில் பட்ட கதிர்களும் ஒரே புள்ளியில் சேரா. அதைப் பரவளையமாக்க வேண்டும். எங்கள் ஆடியில் இரண்டு வடிவங்களுக்கும் விளிம்பில் உள்ள வேறுபாடு சுமார் 0.3 மைக்ரோமீட்டர், தலைமுடித் தடிமனில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. இதை எந்த அளவுகோலால் அளப்பது?

பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1858-இல் இதற்கு வழி சொன்னார். வளைவு மையத்தில், அதாவது எங்கள் ஆடியிலிருந்து 2,400 மி.மீ. தள்ளி, ஊசித்துளை வழியே வரும் விளக்கொளி. அது திரும்பி வந்து குவியும் இடத்தில் ஒரு சவர பிளேடின் விளிம்பு. அதன் பின்னால் நம் கண். (பிளேடை மரக்கட்டையில் பதித்துவிடுங்கள்.) கோளமானால் ஆடி முழுவதும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாகும். பரவளையமானால் மெதுவடை போன்ற நிழல் தெரியும். விளக்கை அசைக்காமல் பிளேடை மட்டும் நகர்த்தினால், நடுப்பகுதிக் கதிர்கள் சேரும் இடத்துக்கும் விளிம்புக் கதிர்கள் சேரும் இடத்துக்கும் 2.3 மி.மீ. இடைவெளி வரவேண்டும்.

இங்கேதான் நான் சறுக்கினேன். தை மாதம் கண்காட்சி. அதற்குள் அலுமினியப் பூச்சுக்கு அனுப்பிவிடும் அவசரத்தில், இடையில் சோதிக்காமல் முக்கால் மணி நேரம் தேய்த்தேன். மறுநாள் அளந்த எட்டாம் வகுப்பு மாணவி, “சார், நாலு வருது” என்றாள். மறுபடி அளக்கச் சொன்னேன். மறுபடியும் நாலுதான். பரவளையத்தைத் தாண்டி அதிபரவளையத்துக்குப் போய்விட்டிருந்தது. வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, அப்படியே அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த நாலு அவள் குறிப்பேட்டில் ஏறிவிட்டது. கோளத்துக்கே திரும்பினோம்.

கல்வராயன் மலைக்கு வடக்கே, ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1968-இல் அங்கே பணியைத் தொடங்கிய 38 செ.மீ. தொலைநோக்கி கொடைக்கானலிலேயே செய்யப்பட்டது. 1986-இல் வந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடியும் பெங்களூருவில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் மெருகேற்றப்பட்டதுதான். இதைச் சொன்னபோது பிள்ளைகளின் முகத்தில் வாட்டம் கொஞ்சம் குறைந்தது.

கண்காட்சிக்குப் பூச்சில்லாத ஆடியையும் சோதனை மேசையையும் கொண்டுபோனோம். ஒரு மாணவன் ஆடியின் மேல் அரை நிமிடம் கட்டைவிரலை வைத்து எடுப்பான். பிளேடின் பின்னால் கண் வைத்தவருக்கு அந்த இடத்தில் ஒரு மேடு தெரியும். உடல் சூட்டில் கண்ணாடி விரிந்த மேடு அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல அடங்கும். வெப்ப விரிவுக்கு இதைவிட நல்ல செய்முறையை நான் வகுப்பில் காட்டியதில்லை. தேய்த்த கையோடு ஏன் அளக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது.

இப்போது ஐந்து நிமிடம் தேய்க்கிறோம். ஓர் இரவு ஆறவிட்டு அளக்கிறோம். நேற்றுக் காலைக் கணக்கு 1.6.